நாட்டோக்காரர் சாக்கேக் கூடம் பார்க்கப் போன கதை

மிசுனோசேயில் இசாமுவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் கடை நாட்டோ இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேருக்குக் காலைச் சோறு இறங்காது. வேகவைத்த சோயா மொச்சையைப் புளிக்கவைத்து, நூல் நூலாக இழுபடும் பதத்தில் அவர் விற்கிற பண்டம் அது. நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். சுடுசோற்றின் மேல் போட்டு ஒரு வாய் சாப்பிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவர் கடைக்கு நேர் எதிரே ஒரு கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் அரிசி மது வடிக்கிற சாக்கேக் கூடம், நடுவில் ஒரு சின்னப் பாலம். முப்பது சொச்சம் குளிர்காலங்களாக இசாமு அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை.

சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. எல்லாம் நாட்டோக் கிருமி செய்கிற வேலை. அது லேசுப்பட்டதில்லை. கொதிக்கிற நீரில் போட்டாலும் சாகாது. சட்டையில் ஒட்டும், மயிரில் ஒட்டும், நகக்கண்ணில் குடியிருக்கும். கூடத்திலோ வேகவைத்த அரிசியின் மேல் கோஜி என்ற பூஞ்சணத்தைப் பூக்கவைத்துத்தான் சாக்கே வடிக்கிறார்கள். அந்தக் கோஜி பச்சைக் குழந்தை மாதிரி. நாட்டோக் கிருமி உள்ளே நுழைந்தால் ஒரே ராத்திரியில் அரிசி முழுக்க வழவழவென்று ஆகிவிடும். அத்தனையையும் வாரிக் கொட்ட வேண்டியதுதான். அதனால் முதல் பனி விழுந்ததிலிருந்து கடைசித் தொட்டியைப் பிழிந்து முடிக்கும்வரை கூடத்து ஆட்கள் யாரும் நாட்டோவைத் தொடமாட்டார்கள். தெருவில் இசாமு வருவதைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து குனிந்து வணக்கம் சொல்வார்கள். அவரும் குனிவார். வசந்தம் வந்து வேலை முடிந்த மறுநாள் பார்க்க வேண்டுமே! அத்தனை பேரும் அவர் கடை வாசலில் வந்து விழுந்து, கிண்ணம் கிண்ணமாக நாட்டோச் சோறு தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

இசாமு இந்த ஊர்க்காரர் இல்லை. ஓகா கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. மீன் லாரி ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர், ஒருநாள் இந்தக் கடையில் காலைச் சோறு சாப்பிட்டார். அப்போது கடையை நடத்தியது மிட்சுயோவின் அப்பா. மறுநாளும் லாரி வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. இந்த வழியாக மீன் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. நாட்டோவுக்காக வந்தாரா, பரிமாறிய மிட்சுயோவுக்காக வந்தாரா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் சொல்லமாட்டார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்து, மாமனாரின் தொழிலைத் தன் தொழிலாக்கிக்கொண்டார்.

நல்ல மனிதர், சொக்கத் தங்கம். ஆனால் வாய் மட்டும் கிடையாது. எதைக் கேட்டாலும் "பரவால்ல" என்பார். அதுதான் அவர் கொடுக்கிற உச்சபட்சப் பாராட்டு. கல்யாணத்தன்று புகைப்படக்காரர், "பொண்ணு எப்படி, பிடிச்சிருக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டதற்கு, "பரவால்ல" என்றாராம். மிட்சுயோ அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் விடுவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டோடு எதிர்க் கூடத்துச் சாக்கே ஒரு கிண்ணம் குடிப்பார். ஒரே ஒரு கிண்ணம். "இன்னும் கொஞ்சம்?" என்று மிட்சுயோ ஜாடியைத் தூக்கினால் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொள்வார். எது கொடுத்தாலும் இரண்டாம் முறை கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், ஷிஹோ. அவருடைய வாய்க்கும் சேர்த்து அவள் பிறந்தாள். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பியவள், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நான் எதிர்க் கூடத்துல வேலைக்குச் சேர்ந்துட்டேன்."

மிட்சுயோ கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நாட்டோக்காரன் மகள் சாக்கேக் கூடத்தில்! இசாமு மட்டும் மென்று முடித்துவிட்டு, "பரவால்ல" என்றார்.

மற்ற ஆட்கள் ராத்திரி வீட்டுக்குப் போய் வரலாம். ஷிஹோவுக்கு அது முடியாது. அவள் வீடே நாட்டோ ஆயிற்றே. குளிர்காலம் முழுக்க அவள் கூடத்து மாடியறையிலேயே தங்க வேண்டியதாயிற்று. காலை வேலை ஓய்ந்ததும் அவள் அந்தக் கரையில் வந்து நிற்பாள், இசாமு இந்தக் கரையில் நிற்பார். கால்வாய் ஒன்றும் அகலமில்லை. ஆனால் தண்ணீர் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும். செல்பேசி இல்லையா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. ஆனால் அதில் இசாமு பேசி யார் கேட்டிருக்கிறார்கள்? நேரில் நின்றால் தலையையாவது ஆட்டுவார்.

"அப்பா! சாப்பிட்டியா?"

"ம்."

"அம்மா எப்படியிருக்கா?"

"இருக்கா."

"வாயத் தொறந்தா முத்து கொட்டிருமா உனக்கு? நல்லா நாலு வார்த்த பேசேன்!"

"குளிருது. உள்ள போ."

"அடேயப்பா! மூணு வார்த்த!"

தெருவுக்கே இது தினசரி வேடிக்கை. மீன்கடைக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாலாவது குளிர்காலம் அது. ஒருநாள் ஷிஹோ வழக்கத்துக்கு முன்னதாகவே ஓடி வந்தாள்.

"அப்பா! மேஸ்திரி எனக்கு ஒரு தொட்டி குடுத்திருக்காரு! என் தொட்டி! அரிசி கழுவுறதுலேந்து ஊறலப் பிழியிற வரைக்கும் எல்லாம் நான்தான்!"

இசாமு கொஞ்ச நேரம் யோசித்தார். "சின்னத் தொட்டியா?"

"உனக்கு எப்படித்தான் இது முதல்ல தோணுதோ! ஆமா, சின்னதுதான்!"

"பரவால்ல."

ஷிஹோவுக்குப் பொறுக்கவில்லை. "பாக்காமயே பரவால்லன்னு சொல்லிட்ட பாத்தியா! ஒரு தடவ வந்து பாருப்பா. ஊறல் எப்படிப் பொங்குதுன்னு எட்டிப் பாரு. குடிச்சும் பாரு. பாத்துட்டு நல்லாருக்கா இல்லயான்னு வாயத் தொறந்து சொல்லு. எனக்கு வேற எதுவும் வேணாம்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இசாமு பனியில் நின்றுகொண்டே இருந்தார். மிட்சுயோ வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கடைக்குள் வந்தார். கோடையில் அவர் கூடத்துக்குள் போயிருக்கிறார். அப்போது தொட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். காலித் தொட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? ஊறல் பொங்குகிற தொட்டியை, அதுவும் மகளுடைய தொட்டியை, ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. வராதவருக்கு வந்தால் அப்படித்தான், ஒரேயடியாக வரும்.

மறுநாள் கரையில் நின்று, மகளை அழைக்காமல், மேஸ்திரியை அழைத்தார். கூடத்தின் தலைவர் நுமாதாவைத்தான் எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். தூண் மாதிரி ஆள். சிரித்தால் மட்டும் குழந்தை.

"மேஸ்திரி! உள்ள வரணும்!"

"யாரு?"

"நான்!"

மேஸ்திரி அந்தக் கரையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "நாட்டோக்காரரே, காலங்காத்தாலயே தண்ணி போட்டீங்களா?"

"பொண்ணு தொட்டி. பாக்கணும்."

இதற்கு மேல் இசாமுவால் பேச முடியாது என்று மேஸ்திரிக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சின்ன வயதில் வேறொரு கூடத்தில் வேலை பார்த்தபோது ஒரு கோஜி அறையே வழவழத்து நாசமானதை அவர் கண்ணால் பார்த்தவர். அன்றைக்கு அங்கே ஆண்பிள்ளைகள் அழுதார்கள் என்று சொல்வார். ஆனாலும் இசாமுவின் முகத்தைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"சரி, கேளுங்க! பிழியிற அன்னிக்கு வாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் நாட்டோ இருக்கிற திசையிலகூடத் தலவெச்சுப் படுக்கக்கூடாது. வீட்டுல தூங்கக்கூடாது. வீட்டுத் துணி ஒரு நூல்கூட மேல இருக்கக்கூடாது. மலைமேல வெந்நீர் ஊத்து விடுதிக்குப் போயி, தோல் உரியத் தேச்சுக் குளிங்க. நேரா அங்கேந்து இங்க வாங்க. கோஜி அறைக்குள்ள விடமாட்டேன், அது என் பொண்டாட்டிக்கே கிடையாது. தொட்டியப் பாக்கலாம்."

இசாமு குனிந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்தே நின்றார்.

வீட்டில் மிட்சுயோ விடுவாளா? "என்னைப் பாக்க வந்தப்பகூட நீங்க குளிச்சிட்டு வரல. மீன் நாத்தத்தோட வந்து நின்னீங்க. இப்ப சாக்கேத் தொட்டியப் பாக்க ஒரு வாரம் குளிக்கிறீங்களாக்கும்!" என்று இடித்துக்கொண்டே, உள்ளாடையிலிருந்து ஓவர்கோட்வரை எல்லாவற்றையும் புதிதாக வாங்கி, கடைக்காரரையே நேராக விடுதிக்கு அனுப்பச் சொன்னாள். தன் கை பட்டால் அதுவும் தீட்டுத்தானே. கடையைத் தன் தம்பியை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். வழியனுப்பும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. "போயிட்டு வாங்க. பாத்துட்டு, அவகிட்ட ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க. அவ சின்னதுலேந்து அதுக்குத்தான் ஏங்குறா."

"ம்," என்றார் இசாமு.

விடுதியில் அவர் குளித்த குளியல் இருக்கிறதே! காலையில், மதியம், மாலையில், சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால். தோல் சுருங்கி, காயப்போட்ட பேரீச்சம்பழம் போல ஆகிவிட்டார். அந்த விடுதிக்கு நாட்டோ போவதே அவர் கடையிலிருந்துதான். காலை உணவில் எல்லோர் தட்டிலும் அது வந்து உட்காரும். அவர் தட்டில் மட்டும் வராது. பரிமாறுகிற அம்மாளிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் அவரைச் சாப்பாட்டு அறையின் கோடியில், சன்னலோரமாகத் தனியே உட்காரவைத்தாள். தான் செய்த பண்டம் அத்தனை தட்டிலும் இருக்க, அவர் வறுத்த மீனையும் புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாயையும் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். முப்பது வருஷத்தில் நாட்டோ இல்லாத காலை அவருக்கு அதுதான் முதல். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார்.

கடைசி நாள் காலை. பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். புதுச் சட்டை, புதுக் கால்சட்டை எல்லாம் போட்டு, மாப்பிள்ளை மாதிரி சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு விடுதியில் கூட்டம். வேறு வழியில்லாமல் அவருக்குப் பக்கத்து இடத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டியை உட்காரவைத்தார்கள். ஒசாகாக்காரர்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நாட்டோ என்றாலே ஆகாது.

அந்த மனிதர் நாட்டோ டப்பாவைத் திறந்தார். முகத்தைச் சுளித்தார். கிண்டாமல் கொள்ளாமல், எடுத்த எடுப்பில் சோயாச் சாற்றை அப்படியே கவிழ்த்தார். பிறகு சாப்பிடுகிற குச்சியின் நுனியால் செத்த எலியைத் தள்ளுவதுபோல இரண்டு தள்ளு தள்ளினார்.

"இத எப்படித்தான் இந்த ஊர்க்காரங்க வாயில வெக்கிறாங்களோ. வெறும் வழவழ. ஒரு ருசியும் இல்ல," என்றார் பெண்டாட்டியிடம்.

இசாமு மலையைப் பார்த்தார். மலையையே பார்த்தார். பக்கத்தில் இன்னொரு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாளும் கிண்டாமல் சாற்றை ஊற்றப் போனாள்.

"ஐயோ, நிறுத்துங்க! கொண்டாங்க இங்க!"

ஒரு வாரமாகத் திறக்காத வாய் திறந்துகொண்டது. டப்பாவை வாங்கினார். குச்சியை எடுத்தார். "முதல்ல வெறுமனே கிண்டணும். இப்படி. விடாம. கை ஓயணும். நூல் எல்லாம் வெள்ள வெளேர்னு ஆகணும், பாருங்க. அதுக்கப்புறம்தான் சாறு. அதுவும் சொட்டுச் சொட்டா. இப்ப சோத்துல போட்டுச் சாப்பிடுங்க."

ஒசாகாக்காரர் பயந்துகொண்டே ஒரு வாய் வைத்தார். கண் விரிந்தது. இன்னொரு வாய் வைத்தார். "அடடே! என்னங்க இது! அதே டப்பாதானா? நல்லாருக்கே!"

"பரவால்ல," என்றார் இசாமு, முகமெல்லாம் பூரித்துப்போய். புதுச் சட்டையின் கைப்பக்கம் தொங்கிய நாட்டோ நூலை விரலால் சுருட்டி எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

சோற்றுக் கூடையோடு வந்த பரிமாறுகிற அம்மாள், இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி போய்க் குளித்தார். தேய்த்தார், ஊறினார், மறுபடி தேய்த்தார். கொதிநீரில் சாகாத ஒன்றைக் கொண்டுதான் அவர் வயிறு வளர்த்திருக்கிறார். வெந்நீர் ஊற்று அதை என்ன செய்துவிடும்? கிளம்பும்போது அந்த அம்மாள் வாசல்வரை வந்து, காதோடு சொன்னாள். "நான் எதையும் பாக்கலங்க. சத்தியமா பாக்கல."

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. யாருக்குத் தெரியப் போகிறது? ஒசாகாக்காரர்கள் ஒசாகாவுக்குப் போய்விடுவார்கள். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, சுவரோரமாக நின்று, தூரத்திலிருந்து ஒரு பார்வை. அவ்வளவுதானே? அது மேஸ்திரியின் தொட்டியாக இருந்திருந்தால் ஒருவேளை வாயை மூடிக்கொண்டு போயிருப்பார். நானாக இருந்தால் கண்டிப்பாகப் போயிருப்பேன். ஆனால் அது ஷிஹோவின் தொட்டி. பக்கத்துத் தொட்டிக்கு வேண்டிய கோஜியும் அவள் கையாலேயே போகும்; கிருமி ஒட்டினால் பழி அவள் தலையில்தான் விழும். ஊர் வந்து இறங்கியதும் பாலத்தை நோக்கி மெதுவாக நடந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கூடமே திரண்டு நின்றது. எல்லோரும் வெள்ளை உடுப்பில். வாசல் இறவாணத்தில் புதுச் சாக்கே வந்ததற்கு அடையாளமாகப் பச்சைப் பசேலென்று தழைப்பந்து தொங்கியது. ஷிஹோ கையில் அப்பாவுக்காக வெள்ளை மேலங்கியும் ரப்பர் பூட்ஸும் வைத்திருந்தாள். இசாமு பாலத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்னப்பா, கால் வரலயா? பயப்படாத, எடுத்து வை!"

"வரல."

"என்னது?"

இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. கத்தித்தான் ஆகவேண்டும். தெருவே கேட்கும்படி இசாமு கத்தினார். "தொட்டுட்டேன்! நாட்டோவ! இன்னிக்குக் காலையில! ஒசாகாக்காரர் ஒருத்தர் தப்பாக் கிண்டினாரு! பாத்துக்கிட்டு இருக்க முடியல!"

ஷிஹோ கையிலிருந்த பூட்ஸைப் பனியில் ஓங்கி அடித்தாள்.

"ஒரு வாரம்! ஒரு வாரம் குளிச்சிட்டு, கடைசியில ஒசாகாக்காரனுக்கு நாட்டோ கிண்டிக் குடுத்தியா! உன்னை என்ன பண்றதுன்னே தெரியலப்பா!" என்று கத்தியவள், அப்படியே குந்தி உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியாது. கூடத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, இசாமுவைப் பார்த்துத் தாழக் குனிந்தார். அந்தக் குனிதலில் எல்லாம் இருந்தது.

ஷிஹோ முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது ஒரு கையில் ஜாடி, இன்னொரு கையில் வெள்ளைக் கிண்ணம். அடியில் நீல வளையம் போட்ட, ருசி பார்க்கிற கிண்ணம். பின்னாலேயே இரண்டு ஆட்கள் கூரைப் பனியைத் தள்ளுகிற நீளக் கழியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழியின் நுனிப் பலகையில் கிண்ணத்தை வைத்து, அப்போதுதான் பிழிந்து வழிகிற முதல் சாக்கேயை ஊற்றினாள். கழி மெதுவாகக் கால்வாயைத் தாண்டி வந்தது.

"ஆடாதீங்கடா! என் தொட்டி தண்ணியில போகுது!" என்று அவள் கத்தினாள்.

"கழியத் தொடாதீங்க நாட்டோக்காரரே, கிண்ணத்த மட்டும் எடுங்க!" என்றார் மேஸ்திரி.

பாதி சிந்திப்போய் மீதி வந்து சேர்ந்தது. லேசாகக் கலங்கி, குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இசாமு குடித்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மீன்கடைக்காரி வழக்கம்போலக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எப்படிப்பா?" என்றாள் ஷிஹோ.

இசாமு வாயைத் துடைத்துக்கொண்டார். காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

ஷிஹோவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் துள்ளிக் குதித்தாள். "மேஸ்திரி! எங்கப்பா ரெண்டாவது கிண்ணம் கேக்குறாரு! எங்கப்பா!"

"கேக்கட்டும். ஆனா அவரு வாய் வெச்ச கிண்ணம் இந்தப் பக்கம் திரும்ப வரக்கூடாது! புதுசு எடு!"

புதுக் கிண்ணம் போயிற்று. அதுவும் காலியாயிற்று. மூன்றாவது போயிற்று. ஒவ்வொரு தடவையும் இசாமு வேறொன்றும் சொல்லவில்லை, "இன்னும் கொஞ்சம்" என்று மட்டும் சொன்னார். கடைசியில், "கூடத்துல கிண்ணம் காலியாயிரும், போதும்யா!" என்று மேஸ்திரி கெஞ்ச வேண்டியதாயிற்று.

சிவந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தவர், ஓவர்கோட்டுப் பையிலிருந்து கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சமையல் மேடையில் வைத்தார். ஐந்து இருந்தன. ஐந்தாவதைக் கையால் மூடியபடியே கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. மிட்சுயோ அதைக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"உள்ள போகலயாமே. தெருவே சொல்லிச் சிரிக்குது."

"போகல."

"மனசு கஷ்டமா இருக்கா?"

இசாமு யோசித்தார். "இல்ல."

"சரி, நல்லாருக்குன்னு அவகிட்ட சொன்னீங்களா?"

"அஞ்சு கிண்ணம் குடிச்சேனே."

"குடிச்சது வயித்துக்குப் போச்சு. அவ காதுக்கு என்ன போச்சு?" என்றாள் மிட்சுயோ. "ஒரு வார்த்த கேட்டா. இத்தன வருஷத்துல ஒரே ஒரு வார்த்த. பரவால்ல பரவால்லன்னு சொல்லியே நீங்க எங்க ரெண்டு பேரையும் வளத்துட்டீங்க. போதும்ங்க."

ராத்திரி இசாமு புரண்டு புரண்டு படுத்தார்.

மறுநாள் காலை நேரத்தில் வழக்கம்போலக் கரையில் போய் நின்றார். மொச்சை வேகவைத்த ஆவி உடம்பெல்லாம் மணந்தது. ஷிஹோ அந்தக் கரைக்கு வந்தாள்.

"சாப்பிட்டியாப்பா?"

"நல்லாருந்துச்சு!" என்று இசாமு கத்தினார்.

ஷிஹோ காதருகே கையைக் குவித்தாள். "என்னது? தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"நல்லாருந்துச்சு!"

"கேக்கலப்பா!"

இசாமு மூச்சை இழுத்துப் பிடித்தார். "ரொம்ப நல்லாருந்துச்சு! உன் சாக்கே! ரொம்ப ரொம்ப நல்லாருந்துச்சு!"

ஷிஹோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடத்து மாடிச் சன்னல் படாரென்று திறந்தது. மேஸ்திரி தலையை வெளியே நீட்டி, "எனக்கும் கேக்கல! இன்னொரு தடவ!" என்றார்.

இசாமு இன்னொரு தடவை சொன்னார்.